எதற்காக ரட்சித்தார்?

நைனா,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய். நான் சிரித்து மழுப்பிவிட்டு, குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை. இருபத்தேழு வயசு பிள்ளையிடம், இன்னும் முப்பது நாளில் கல்யாணம் ஆகப்போகிற பிள்ளையிடம், இப்படி ஒரு சின்னப் பொய் சொல்லித் தப்பித்தது எனக்கே அசிங்கமாக இருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், நீயும் "விடும்மா விடும்மா" என்று சொல்லி முடித்துவிடுவாய். எழுத்து என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

உங்கள் இரண்டு பேரையும் பெண் வீட்டுச் சபையில் பாஸ்டர் உட்காரவைத்துப் பேசினாராம். "தம்பி, நீங்க எப்ப ரட்சிக்கப்பட்டீங்க, தேதி சொல்லுங்க" என்று கேட்டாராம். என் மருமகள் டக்கென்று சொல்லிவிட்டாள், நீ முழித்துக்கொண்டு நின்றாய். "உனக்குத் தேதி கீதும்மா, எனக்கு இல்லியே. அப்ப நான் ரட்சிக்கப்படலயா? ரட்சிக்கப்பட்டா இன்னாதான் ஆவும்? எதுக்கும்மா அது?" என்று கேட்டாய். பூனாவில் போய் நான்கு வருஷம் வேலை செய்தும் உன் பேச்சு மாறவில்லை என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை உள்ளே போய்க் குத்திக்கொண்டது. எதுக்கும்மா அது?

என் தேதி நம் சபையில் எல்லோருக்கும் தெரியும். கர்த்தர் எனக்குச் செய்ததைச் சபை முன்னால் நின்று அத்தனை தடவை சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். திருவள்ளூரில் மைதானத்தில் பந்தல் போட்டு மூன்று நாள் கூட்டம் நடந்தது, கடைசி நாள் முன்னால் போய் முழங்கால் போட்டேன். அப்போது நீ என் இடுப்பில். என் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை எடுத்தே வாழ்ந்தவர்கள். நான்தான் எங்கள் வீட்டில் முதலில் கம்பெனி வேனில் ஏறியவள். யாருக்கும் நான் முக்கியம் என்று எனக்குத் தோன்றியதே கிடையாது. அன்றைக்கு அந்தப் பந்தலில் கடவுளுக்கு என்னைத் தெரியும், என் பெயர் தெரியும் என்று நம்பினேன். அது பொய் இல்லை நைனா. இன்றைக்கும் அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நான் செய்த தப்பு என்னவென்றால், எல்லாம் அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நரகத்துக்குப் போகிற வழியிலிருந்து இறங்கியாகிவிட்டது, பரலோகத்தில் இடம் பிடித்தாகிவிட்டது, இனி செத்துப்போகிற வரைக்கும் அந்த இடத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் போதும். ரட்சிப்பு என்றால் தப்பித்தல். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. அப்பாவுக்குத் தெரியும்.

நாம் காக்களூரில் இருந்தபோது நான் ஒரு பிரஸ் ஷாப்பில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன், ஞாபகம் இருக்கும். கார் சீட்டுக்கு அடியில் வைக்கிற இரும்புப் பட்டைகளை அடித்து எடுக்கிற மிஷின்கள். ஒவ்வொரு மிஷினுக்கும் இரண்டு பட்டன். வலது கை ஒன்றில், இடது கை ஒன்றில். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கிற இரும்பு கீழே இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது. ஆனால் ஒரு பட்டனை அழுத்தினபடியே டேப் சுற்றிக் கட்டிவிட்டால் ஒரு கையால் மிஷினை ஓட்டிக்கொண்டு இன்னொரு கையால் தகட்டை வைக்கலாம். வேலை வேகமாக ஓடும். செய்யக்கூடாது என்று சுவரில் எழுதியிருக்கும். மாசக் கடைசியில் டார்கெட் முடியாதபோது அந்தச் சுவரை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மஞ்சுளா என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். இருபத்து மூன்று வயசு, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவாள். கான்ட்ராக்டில் எடுத்த ஆள். சிரித்துக்கொண்டே இருப்பாள், டீ டைமில் எல்லோரையும் மாதிரி பேசிக்காட்டுவாள், என்னையும்கூட. அந்த மாசக் கடைசியில் அவள் மிஷினில் வலது பக்கப் பட்டனை டேப் போட்டுக் கட்டியது நான். என் கையால்.

"பயமாகீதுக்கா," என்றாள்.

"பழகிடும். கண்ணு மட்டும் மிஷின் மேல இருக்கட்டும்," என்றேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சத்தம் கேட்டு ஓடினேன். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. என் துப்பட்டாவை அவள் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வேனில் அவளோடு நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் சத்தமாக ஜெபம் பண்ணிக்கொண்டே போனேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "கொயந்தைய எப்பிடிக்கா தூக்குவேன்," என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மூன்றாம் நாள் மேனேஜர் ரூமில் விசாரணை. மேஜை மேல் அந்த டேப்பைப் பிய்த்து வைத்திருந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு மஞ்சுளாவை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்திருந்தார்கள். "பட்டனைக் கட்டினது யாரு?" என்று மேனேஜர் கேட்டார். அவர் கேட்டது மஞ்சுளாவை இல்லை, என்னை.

"அவங்களே கட்டிக்கினாங்க சார். நான் எத்தினியோ தடவ சொல்லிகீறேன். கேக்கல."

மஞ்சுளா கத்தவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து "இன்னாக்கா," என்றாள். அவ்வளவுதான். அந்த வார்த்தையில் கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. நான் சொன்னதை அப்படியே எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். தப்பு அவள் மேல் என்று ஆனது. அவளுக்குச் சேர வேண்டிய நஷ்டஈடு எதுவும் சேரவில்லை, வேலையும் போனது.

உன் இங்கிலீஷ் ஸ்கூல் ஃபீஸை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உன் மேல் பழியைப் போட்டதுதான். உண்மை என்னவென்றால் நான் பயந்தேன். மறுபடியும் யாருக்கும் முக்கியமில்லாத ஆளாகிவிடுவேனோ என்ற பயம்.

அந்த ஞாயிறு கோயிலில் விழுந்து புரண்டு அழுதேன். ஆண்டவரே மன்னியும் என்று கேட்டேன். அழுது முடித்ததும் மனசு லேசானது. மன்னித்துவிட்டார், முடிந்தது என்று எழுந்தேன். அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அடுத்த வாரம் எழுந்து நின்று சாட்சி சொன்னேன், "வேலை செய்ற எடத்துல ஒரு பெரிய ஆபத்து வந்துச்சி, கர்த்தர் என்னைத் தப்புவிச்சாரு" என்று. சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. அப்பா அன்றைக்கு வந்திருந்தார். அவர் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் தவிர வராத மனுஷர், அன்றைக்கென்று வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் நான் எப்படி இருந்தேன் என்று உனக்கே தெரியும். வெள்ளிக்கிழமை உபவாசம், விடியற்காலை ஜெபம், டிவி கூடாது, சினிமாப் பாட்டு கூடாது. ஊரில் யாருக்கு எந்தப் பாவம் இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும் என்கிற மாதிரி நடந்தேன். உனக்குப் பன்னிரண்டு வயசிருக்கும், ஓய்வுநாள் பள்ளி நடக்கிற ஹாலில் பந்தடித்து டியூப்லைட்டை உடைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பையன் உடைத்தான் என்று சொன்னாய். உண்மை தெரிந்ததும் உன்னைக் கரண்டிக் காம்பால் அடித்தேன். பொய் சொல்கிறவர்கள் எங்கே போவார்கள் என்று உன்னையே சொல்லவைத்தேன். அந்தப் பையன் வீட்டுக்குப் போய் அவன் அம்மா முன்னால் நின்று சொல்லிவிட்டு வா என்று அனுப்பினேன். நீ அழுதுகொண்டே போனாய், திரும்பி வரும்போது அந்தப் பையன் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தாய். இரண்டு பேரும் உட்கார்ந்து தோசை கேட்டுச் சாப்பிட்டீர்கள். அடுப்புக்கிட்ட நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு உன் மேல் பொறாமையாக இருந்தது. நான் மன்னிப்பு வாங்கியும் என் தோளில் யாரும் கை போடவில்லை. அந்த அடிக்கு உன்னிடம் மன்னிப்பு கேட்காமலே இத்தனை வருஷம் போய்விட்டது. இப்போது கேட்கிறேன். நீ பொய் சொன்னதற்காக நான் உன்னை அடிக்கவில்லை நைனா, நான் சொன்ன பொய்க்காக அடித்தேன்.

அதற்கப்புறம் சில மாசம் கழித்துப் பெண்கள் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். வேதத்தில் எந்தப் பகுதி என்றால், பேதுருவின் மாமியார் காய்ச்சலில் படுத்திருக்கிறார், இயேசு வந்து கையைப் பிடித்துத் தூக்குகிறார், காய்ச்சல் போகிறது. சின்னப் பகுதி. காலையில் அப்பா வண்டி எடுக்கப் போவதற்கு முன்னால் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவர் முன்னால் நான் பேசப்போவதை ஒத்திகை பார்த்தேன். ரட்சிப்பு என்றால் காய்ச்சலிலிருந்து விடுதலை, பாவத்திலிருந்து விடுதலை என்று நீட்டி முழக்கினேன். அவர் இட்லியைப் பிய்த்தபடி கேட்டார்.

"ஜொரம் உட்டதும் அந்தம்மா இன்னா பண்ணாங்க?"

"எழுந்து வந்தவங்களுக்கெல்லாம் வேண்டியதைச் செஞ்சாங்க."

"அப்ப எழுப்புனதே அதுக்குத்தான். 'எனக்கு ஜொரம் உட்டுச்சி, ஜொரம் உட்டுச்சி'ன்னு சொல்லிக்கினு பாயிலயே குந்தினுருக்கறதுக்கு இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு இன்னா தெரியும் வேதத்தைப் பத்தி," என்றேன்.

"ஒண்ணும் தெரியாது. உன்னை ரட்சிச்சாரு, சரி, நான் இல்லன்னு சொல்லல. இன்னாத்துக்கு ரட்சிச்சாரு? அத்தக் கேட்டியா அவர்கிட்ட? அந்தப் பொண்ணு எந்தக் கையால கொயந்தைக்குச் சோறு ஊட்டுதுன்னு ஒரு நாளாவது போய்ப் பாத்தியா?"

இதைப் பற்றி மூன்று வருஷம் வாயைத் திறக்காத மனுஷர். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிக் கூட்டத்துக்கு நான் போகவில்லை.

அடுத்த ஞாயிறு, ஆராதனைக்குக்கூடப் போகாமல், ஊத்துக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அவள் ஊர். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தால் அவள் இல்லை. ஆடி மாசம், புருஷன், குழந்தையோடு பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றார் மாமியார். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? கர்த்தர் வழியை அடைத்துவிட்டார், இது அவருடைய சித்தம் இல்லை என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தேன். சாமி பேரைச் சொல்லி எதை வேண்டுமானாலும் நியாயப்படுத்த எனக்கு அப்போது நன்றாகப் பழகியிருந்தது. ஆனால் அடுத்த மூன்று நாளும் அப்பா என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வியாழக்கிழமை லீவு போட்டு மறுபடியும் போனேன்.

அவள் ஊத்துக்கோட்டை மார்க்கெட்டில் சாக்கு விரித்துக் காய் விற்றுக்கொண்டிருந்தாள். கத்தரிக்காயைக் கட்டைவிரலாலும் மீதி இரண்டு விரலாலும் அள்ளித் தராசில் போட்டாள். வேகமாகத்தான் போட்டாள். என்னைப் பார்த்ததும் கை ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் முன்னால் நின்ற ஆளுக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டு, "குந்துக்கா," என்றாள். நான் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"மஞ்சு, நான் அன்னிக்குப் பொய் சொன்னேன்."

"எனக்குத் தெரியும்க்கா. உனக்குத் தெரியுமான்னுதான் எனக்குத் தெரில."

நான் அழ ஆரம்பித்தேன். சாமியிடம் எத்தனை தடவை மன்னிப்பு கேட்டேன் என்று சொன்னேன். எத்தனை நாள் உபவாசம் இருந்தேன் என்று சொன்னேன்.

"உங்க சாமி இன்னா சொன்னாரு?"

"மன்னிச்சிட்டேன்னாரு."

அவள் என்னையே பார்த்தாள். "என்னைக் கேக்காமலேயா?"

நைனா, நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். பெரிய பெரிய ஊழியக்காரர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சந்தையில், கத்தரிக்காய்ச் சாக்கு மேல் உட்கார்ந்து, நம் சாமியைக் கும்பிடாத ஒரு பெண் கேட்ட அந்தக் கேள்வி மாதிரி எதுவும் என்னைப் புரட்டிப்போட்டதில்லை. அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"அய்வாதக்கா. உன் அய்கைய வச்சிக்கினு நான் இன்னா பண்றது? அன்னிக்கு எழுதிக் குடுத்தல்ல, அதே மாதிரி இன்னிக்கும் எழுதிக் குடு. நெசத்த எழுதிக் குடு. அப்புறம் பாக்கலாம்."

திரும்பி வந்து நம் சபைப் போதகர் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கர்த்தர் மன்னித்தது மன்னித்ததுதான், பழசைக் கிளற வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். அவள் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அதற்கு அவர், "எனக்கு இதுக்குப் பதில் தெரியலம்மா. நானும் ஒருத்தரைப் போய்ப் பார்க்காமலே ஆண்டவர்கிட்ட மன்னிப்பு வாங்கிக்கிட்டு வந்தவன்தான்," என்றார். அவர் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். லேபர் ஆபீசுக்கு நான் எழுதிக் கொடுக்கப் போனபோது அவரும் கூட வந்தார். உள்ளே வந்து பேசவில்லை, வெளியே பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்.

டேப் கட்டினது நான், பொய் சொன்னது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு காப்பியை மேனேஜர் மேஜையில் வைத்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

உன்னிடம் முதுகுவலி என்று சொன்னேன். முதுகுவலியால் வேலையை விட்டுவிட்டேன், அப்பாவைக் கும்மிடிப்பூண்டியில் வண்டி ஓட்டக் கூப்பிடுகிறார்கள், அங்கேயே போய்விடலாம் என்று சொன்னேன். உன் ஸ்கூலை விட்டு எடுத்தோம். எட்டாவது நடுவில், கூட்டாளிகளை எல்லாம் விட்டுவிட்டு, கவர்மென்ட் ஸ்கூலில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. "உன் முதுகுவலிக்கு நான் இன்னா பண்ணுவேன், என்னை ஏம்மா பேஜாரு பண்றே" என்று கேட்டாய். என் பாவத்துக்கு நீயும் விலை கொடுத்தாய், எதற்கென்று தெரியாமலே கொடுத்தாய். உண்மையைச் சொன்னது சரி. அதை உன்னிடம் மறைத்தது சரி இல்லை. உன் அம்மா யார் மேல் பழி போட்டாள் என்று நீ தெரிந்துகொள்ளக்கூடாது என்ற வீம்பு அது. பதின்மூன்று வயசில் உனக்குச் சொல்லியிருந்தால் நீ புரிந்துகொண்டிருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது. டியூப்லைட்டை ஒத்துக்கொண்டு வந்தவன் ஆயிற்றே நீ.

கேஸ் மறுபடியும் எடுத்தார்கள். இழுத்தது, ஆனால் முடிந்தது. மஞ்சுளாவுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. அந்தக் கம்பெனியில் பட்டனைக் கட்டவே முடியாத மாதிரி மிஷினையெல்லாம் மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன், கை உள்ளே போனால் தானாக நின்றுவிடுமாம். நான் கும்மிடிப்பூண்டியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்து, இப்போது புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் நாள் வேலை சொல்லித் தருகிறேன். பீகாரிலிருந்து, ஒரிசாவிலிருந்து எல்லாம் வருகிறார்கள். எனக்கு இந்தி பாதிதான் வரும். மிஷின் முன்னால் நின்று என் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவேன், "தோனோ ஹாத்" என்பேன். சிரிப்பார்கள். பரவாயில்லை.

மஞ்சுளா என்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்லவே இல்லை. இன்று வரைக்கும் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை, நானும் கேட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை போவேன். காய் வாங்குவேன், பேசிக்கொண்டிருப்பேன். நீ காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்களே, திருவள்ளூர் ஆஸ்பத்திரியில், நீ ஹாஸ்டலிலிருந்து ஓடிவந்தபோது என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "யாரும்மா இது?" என்று கேட்டாய். "கூட வேலை செஞ்சவங்க," என்றேன். கையைப் பார்த்துவிட்டு, அவள் போன பிறகு கேட்டாய், "மிஷின்ல போச்சு," என்றேன். அவள்தான். யார் சொன்னார்களோ தெரியாது, கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு தானாக வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். என்னால் எழுந்து உட்கார முடியவில்லை, அந்தக் கையால் என் தலையைத் தாங்கிப் பிடித்து, "கொஞ்சம் குடிக்கா," என்று ஊட்டினாள். அதற்கு முன்னால் அவள் என்னைத் தொட்டது வேனில் என் தோளில் சாய்ந்தபோதுதான்.

அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான், நீ இப்போது கேட்கிற கேள்விக்கு எனக்குப் பதில் புரிந்தது. நான் படித்தவள் இல்லை, சரியாகச் சொல்ல வருகிறதா என்று பார்.

கிறிஸ்து நம்மை எதிலிருந்து காப்பாற்றினார் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். பாவத்திலிருந்து, நரகத்திலிருந்து. அது நிஜம். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் ரட்சிப்பு என்பது ஓட்டம் மாதிரி ஆகிவிடுகிறது, நான் தப்பினேன், பின்னால் யார் விழுந்தார்களோ எனக்குத் தெரியாது என்று. அவர் என்னை எழுப்பினது ஓட அல்ல, திரும்பிப் போக. கடவுளோடு முறிந்துபோனதை அவர் தானே வந்து சேர்த்தார். சேர்த்தது எதற்கென்றால், மனுஷரோடு நான் முறித்துப்போட்டதை நான் போய்ச் சேர்க்கிறதற்கு. அவரைப் போல ஆகிறதற்கு. அவர் நம்மிடம் வந்தார், பார், நாம் போகவில்லை. அதே மாதிரி நான் யாரிடமாவது போக வேண்டும்.

இதில் ஒன்றை நீ தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. மஞ்சுளாவிடம் போனதால் எனக்கு ரட்சிப்பு கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. நல்லது செய்து அதை யாரும் சம்பாதிக்க முடியாது, அது இலவசம்தான், அந்தப் பந்தலில் எனக்குச் சும்மாதான் கொடுத்தார். ஆனால் அது இருந்ததால்தான் என்னால் அந்தப் பஸ்ஸில் ஏற முடிந்தது. எதை இழந்தாலும் அவர் என்னைக் கைவிட மாட்டார் என்று தெரிந்தவளால்தானே, வேலை போகும், மானம் போகும் என்று தெரிந்தும் கையெழுத்துப் போட முடியும்? மூன்று வருஷம் அந்தத் தைரியத்தைப் பையில் வைத்துக்கொண்டே பயந்துகொண்டிருந்தேன். அதுதான் என் முட்டாள்தனம்.

உனக்குத் தேதி இல்லை என்று கவலைப்படாதே. எனக்குத் தேதி இருந்தது, மூன்று வருஷம் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று மேலே படித்தாய். நீ சின்ன வயசிலிருந்து அவர் கைக்குள்ளேயே வளர்ந்தவன், எந்த நாளில் உன்னைப் பிடித்தார் என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். பாஸ்டரிடம் அதை அப்படியே சொல். அவர் நல்ல மனுஷர் மாதிரிதான் தெரிகிறது, புரிந்துகொள்வார். உன் பொண்டாட்டியோடு சண்டை வரும், வராமல் இருக்காது. ஜெபம் பண்ணிவிட்டேன், ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று சொல்லி அவளைத் தாண்டிப் போகாதே. முதலில் அவளிடம் போ. சாமி காத்துக்கொண்டிருப்பார், அவருக்கு அவசரம் இல்லை.

போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் மஞ்சுளா வீட்டுக்குப் போனோம். அவள் மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள், அவள்தான் காபி போட்டுக் கொண்டுவந்தாள். மஞ்சுளா பத்திரிகையை வாங்கி, உன் பெயரைத் தடவிப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில பாத்தனே, அந்தப் பையனா? நல்லா வளந்துட்டானே. அவனுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது மஞ்சு."

அவள் பத்திரிகையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். கோபமாக இல்லை. "அப்ப முதல்ல அவனுக்குச் சொல்லு. சொல்லாம என்னைக் கூப்ட்டா, நான் அங்க வந்து யாருன்னு குந்தினுருப்பேன்? அவனுக்குத் தெரிஞ்சி, அவனே கூப்ட்டான்னா வரேன். பொண்ணையும் கூட்டிக்கினு வரேன்."

அப்பா தலையாட்டினார். வழியில் வண்டியில் வரும்போது, "சரியாத்தான் கேக்குது அந்தப் பொண்ணு," என்றார். எனக்கு அந்த நேரம் கஷ்டமாக இருந்தது. மறுநாளே நீ போன் பண்ணி அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

இப்போது எல்லாம் சொல்லிவிட்டேன். உனக்குக் கோபம் வந்தால் கோபப்படு, என்னோடு இரண்டு நாள் பேச வேண்டாம் என்றால் பேசாதே, நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் இந்தக் கல்யாணத்துக்கு மஞ்சுளாவையும் அவள் மகளையும் கூப்பிடுவது உன் கையில்தான் இருக்கிறது. நான் சொன்னேன் என்பதற்காகக் கூப்பிடாதே. உனக்கு மனசு வந்தால் கூப்பிடு. நம்பர் அப்பாவிடம் இருக்கிறது. காலையில் பத்து மணி வரைக்கும் மஞ்சுளா மார்க்கெட்டில் வியாபாரத்தில் இருப்பாள், போன் எடுக்க மாட்டாள். அதற்கப்புறம் பண்ணு.

உன் அம்மா